மஞ்சள் துணியில் ஒரு ஜோடி சப்பாத்து

தைப்பூசத்தன்று விடியற்காலையில் ஜோகிங் போகலாம் என்று நினைத்த ஒரே பெண் பினாங்கில் ஜெகதீஸ்வரியாகத்தான் இருப்பாள். மற்றவர்கள் பால்குடம் எடுக்கவும் மொட்டை போடவும் தண்ணீர்ப் பந்தலில் மோர் கலக்கவும் எழுந்திருந்த நேரத்தில், இவள் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஃபிளாட்டின் படி இறங்கினாள். ஒரு ஓட்டம் ஓடி வந்து, குளித்து, மஞ்சள் சேலை கட்டி, அப்புறம் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு நடக்கலாம் என்பது திட்டம். சாமியையும் விடக்கூடாது, ஓட்டத்தையும் விடக்கூடாது. இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம் என்று நம்புகிற ஆள் அவள்.

முதல்நாள்தான் ரதம் போயிருந்தது. ரதம் போகும் வழியெல்லாம் தேங்காய் உடைப்பது பினாங்கில் பெரிய விசேஷம். தமிழர் மட்டுமல்ல, சீனர்களும் லாரி லாரியாக இறக்கிக் குவித்து உடைப்பார்கள். டத்தோ கிராமாட் சாலையின் ஒரு முனையில் குவியும் தேங்காய்க்கு மட்டும் பல வருடமாகப் பொறுப்பு ஜெகதீஸ்வரியின் கணவர் ராமதாஸ். ஏர்கோன் பழுது பார்க்கிறவர். வருடம் முழுக்க இருக்கிற இடம் தெரியாமல் இருப்பார். அந்த ஒரு நாள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, நண்பர்களை அதட்டி, ரதம் நெருங்க நெருங்க அவர் உடைக்கிற வேகத்தைப் பார்த்தால் கல்யாணம் பண்ணிக்கொண்டவளுக்கே அடையாளம் தெரியாது. முதல்நாள் மாலை வீட்டுக்கு வந்தவர், ரோடெல்லாம் கிளீன் பண்ணியாச்சு என்று சொல்லிவிட்டுத்தான் படுத்தார்.

ஜெகதீஸ்வரி அதை நம்பினாள். முனையைத் தாண்டும்போது, தேங்காய்த் தண்ணீர் காய்ந்து பிசுபிசுத்த தாரில், சாலையின் நிறத்திலேயே கவிழ்ந்து கிடந்த ஒரு சிரட்டையின் மேல் கால் வைத்தாள். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, இடது முட்டி மறுபக்கம் திரும்பியது. ‘டக்’ என்ற சத்தம் அவளுக்கே கேட்டது. அந்த வழியாகப் பால்குடத்தோடு வந்த கூட்டம் நின்றது. அதில் ஒரு அம்மாள், சாமி போன பாதையில் சப்பாத்து போட்டுக்கொண்டு ஓடலாமா என்று கேட்டார். கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருந்த ஜெகதீஸ்வரி, சப்பாத்து இல்லாமல் ஓடினால் கால் கிழியும் ஆன்ட்டி என்று பதில் சொன்னாள்.

அந்த வாய்தான் அவள்.

முட்டிக்குள் இருக்கிற நார் முழுசாக அறுந்துவிட்டது என்றார் டாக்டர். தொடையிலிருந்து ஒரு நாரை எடுத்து உள்ளே வைத்துத் தைக்க வேண்டும், நன்றாகப் பயிற்சி செய்தால் சைக்கிளும் ஓட்டலாம், வருடக் கடைசியில் ஓடவும் செய்யலாம் என்றார். ‘ஓடவும் செய்யலாம்’ என்பதை மட்டும் அவள் காதில் வாங்கிக்கொண்டாள். சுவர் ஓரமாக நின்றிருந்த ராமதாஸ் எதையும் வாங்கிக்கொண்டதாகத் தெரியவில்லை. அவர் முகம் வெளிறிப் போயிருந்தது. அந்தச் சிரட்டை எங்கள் குவியலுடையது இல்லை, பக்கத்துக் குவியலுடையது என்று ஃபிளாட்டில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தவர், ஆபரேஷன் முடிந்த நாளிலிருந்து அந்தப் பேச்சையே நிறுத்திவிட்டார்.

அப்படி என்ன அந்த ஓட்டத்தில் என்று கேட்டால் சொல்ல வேண்டும். ஜெகதீஸ்வரி கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த்தில் ஒரு கப்பல் சரக்கு ஏஜெண்டு ஆபீசில் வேலை பார்க்கிறாள். காலையிலிருந்து மாலை வரை போன் அடித்துக்கொண்டே இருக்கும்: கண்டெய்னர் எங்கே, கஸ்டம்ஸ் ஃபாரம் எங்கே, லாரி ஏன் வரவில்லை. வீட்டுக்கு வந்தால் சட்டை எங்கே, சாவி எங்கே. நாற்பது வயதில் ஆபீஸ் மெடிக்கல் செக்கப்பில் ரத்தத்தில் இனிப்பு எல்லையில் நிற்கிறது என்று பயமுறுத்தினார்கள். சரி, நடப்போம் என்று கர்னி டிரைவ் கடலோரத்துக்குப் போனாள். ஒருநாள் மழை வந்தது. நனையாமல் இருக்கக் கொஞ்சம் ஓடினாள். மழை விட்டது, அவள் நிற்கவில்லை. ஓடும்போது மட்டும் யாரும் அவளிடம் எது எங்கே என்று கேட்பதில்லை என்பதை அன்றைக்குக் கண்டுபிடித்தாள். ஏழு வருடமாக அந்த அரைமணி நேரம்தான் அவளுக்கென்று இருந்தது. அது போய்விட்டால் அவளுக்கென்று வேறெதுவும் இல்லை.

பிசியோவில் அவளுக்கு வாய்த்தவள் நூர்ஜான். முப்பதைத் தாண்டாத பெண். சிரித்துக்கொண்டே ஆளைப் பிழிந்தெடுப்பாள். முதலில் முட்டியை மடக்கவே அழுகை வந்தது. அப்புறம் நின்ற இடத்திலேயே சுற்றும் சைக்கிள். எங்கும் போகாத சைக்கிளை மிதிக்க இந்த வயதில் காசு வேறு கட்டுகிறேன் என்று ஜெகதீஸ்வரி புலம்புவாள். நூர்ஜான் அதைக் கேட்டுவிட்டு, இருக்கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்திவிட்டுப் போவாள். தாழ்த்தினால் முட்டி இன்னும் மடங்க வேண்டும். கொஞ்ச நாளில் ஜெகதீஸ்வரி புலம்புவதை நிறுத்திக்கொண்டாள்.

நிஜ சைக்கிளுக்கு அனுமதி கிடைத்த காலையைப் பார்த்திருக்க வேண்டும். ஹெல்மெட் மாட்டி, வண்டியைத் தள்ளி வந்து, வலது காலைத் தூக்கிப் போட்டு ஏறியவள் ஒரு சுற்று வளைந்து நெளிந்து, குப்பைத் தொட்டியை ஒரு தட்டு தட்டிவிட்டு, நேரானாள். பின்னால் மோட்டார் சைக்கிள் சத்தம். திரும்பிப் பார்த்தால், இரண்டு பக்க சிக்னலும் மினுக்க, ராமதாஸ் நடை வேகத்தில் வந்துகொண்டிருந்தார். மோட்டாரில் முன்பக்கம் ஒரு தண்ணீர் பாட்டில், பின்பக்கம் மடக்கு நாற்காலி. நாற்காலி எதற்கு என்று கேட்டாள். விழுந்தால் உட்கார என்றார்.

அப்படியே ஃபெரி துறை வரை போனார்கள். சாலையோரத்து ரொட்டி சானாய் கடையில் தே தாரிக் குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம், யாரோ பெரிய மனுஷி போகிறாள், பின்னால் காவல் வருகிறது என்று நினைத்துப் பார்த்தார்கள். ஃபெரியில் அவளுடைய சைக்கிளும் அவருடைய மோட்டாரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. கடல் காற்று முகத்தில் அடிக்க, அவளுக்கு ஆபீசுக்குப் போகிறோம் என்பதே மறந்துவிட்டது. கம்பியைப் பிடித்துக்கொண்டு, வருடக் கடைசியில் ஓடிவிடுவேன், பாருங்கள் என்றாள். ராமதாஸ் பட்டர்வொர்த் பக்கம் பார்த்துக்கொண்டு, இன்று வெயில் ஜாஸ்தியாக இருக்கும் போலிருக்கிறது என்றார்.

அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்கப்புறமும் அப்படித்தான் நடந்தது. சைக்கிள் என்றால் மனிதர் முன்னால் நிற்பார்: செயினுக்கு எண்ணெய், டயருக்குக் காற்று, ஹேண்டிலில் புது மணி. ஓட்டம் என்றால் மட்டும் வெயில், மழை, ஏர்கோன், மீன் விலை.

ஒரு வழியாக நூர்ஜான், அடுத்த வாரம் ஓடிப் பார்க்கலாம் அக்கா, உங்கள் பழைய சப்பாத்தை எடுத்து வாருங்கள், அடிப்பாகம் எப்படித் தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் புதுசு எந்த மாதிரி வாங்குவது என்று சொல்லலாம் என்றாள். ஜெகதீஸ்வரிக்கு அப்போதுதான் அந்தச் சப்பாத்தின் நினைவு வந்தது. விழுந்த அன்று காலில் இருந்தது. அதற்கப்புறம் கண்ணில் படவில்லை. ராமதாஸைக் கேட்டாள். ஆஸ்பத்திரியில் தூக்கிப் போட்டிருப்பார்கள் என்றார். சொல்லும்போது அவர் அவளைப் பார்க்கவில்லை.

அன்று மாலை, கோலாலம்பூரில் படிக்கும் மகள் ரூபினி போன் பண்ணினாள். பேச்சோடு பேச்சாகச் சப்பாத்து காணாமல் போன கதையும் வந்தது. அப்பா அதைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தாரே, தைப்பூசத்துக்கு வந்திருந்தபோது நானே பார்த்தேன், கழுவிக் காயக்கூட வைத்தார் என்றாள் ரூபினி.

ஜெகதீஸ்வரி போனை வைத்துவிட்டுத் தேட ஆரம்பித்தாள். கட்டிலுக்குக் கீழே இல்லை, ஏர்கோன் சாமான் பெட்டியில் இல்லை. கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது காலை முதலில் வைத்து ஏறினாள். முட்டி முனகாமல் தூக்கிவிட்டது. அதற்காகச் சந்தோஷப்பட நேரமில்லை. அலமாரியின் மேலே, தீபாவளி முறுக்கு அச்சுக்கும் பழைய மிக்சிக்கும் நடுவில், ஒரு மஞ்சள் துணி மூட்டை இருந்தது. உள்ளே அவளுடைய சப்பாத்து. துணியின் மூலையில் ஒரு ஐம்பது காசு முடிந்திருந்தது.

மஞ்சள் துணியில் காசு முடிந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. யாரோ சாமிக்கு ஏதோ நேர்ந்துகொண்டிருக்கிறார்கள்.

ராமதாஸ் வந்தபோது மூட்டை சாப்பாட்டு மேசையில் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். கருவிப் பையை இறக்கி வைத்தார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அன்னைக்கு உன்ன உள்ள தள்ளிட்டுப் போனாங்க. நான் வெளிய உக்காந்திருந்தேன். நல்லபடியா எழுப்பிக் குடு முருகா, இனிமே அவள ஓட விடமாட்டேன்னு சொல்லிட்டேன்.”

“என்னக் கேட்டீங்களா?”

“மயக்கத்துல இருந்தவள எப்படி கேக்கறதுலா?”

வேறு சமயமாக இருந்தால் அவள் சிரித்திருப்பாள். இப்போது வரவில்லை. டாக்டரோடு வாதாடியிருக்கிறாள், நூர்ஜானோடு வாதாடியிருக்கிறாள், தைப்பூசத்தன்று ரோட்டில் உட்கார்ந்துகொண்டு முன்பின் தெரியாத ஆன்ட்டியோடு வாதாடியிருக்கிறாள். முருகனோடு எப்படி வாதாடுவது? அவளும் விரதம் இருக்கிறவள். கொடுத்த வாக்கை மீறி ஓடினால், முட்டியில் சின்னதாகச் சுருக்கென்றாலும் மனசு அங்கேதான் போகும். அப்படி ஓடுவது ஓட்டமாகவும் இருக்காது. போன மாதம் வரை முட்டிதான் தடை என்று நினைத்திருந்தாள். அது தேறிவிட்டது, இது வந்து உட்கார்ந்துகொண்டது. அவளுக்கு வந்த கோபத்தில் அழுகையும் கலந்திருந்தது.

இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. சாப்பாடு நேரத்துக்கு மேசைக்கு வந்தது, அவ்வளவுதான். காலையில் அவள் சைக்கிளை எடுத்தால் மோட்டார் வழக்கம்போலப் பின்னால் வந்தது, ஆனால் சிக்னலைப் போடக்கூட அவருக்குத் தைரியம் இல்லை. மூன்றாம் நாள் ஃபெரியில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கையில், ரூபினிக்குச் சின்ன வயதில் டெங்கி வந்தது அவள் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அவளும் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஒன்று நேர்ந்துகொண்டாள். காய்ச்சல் இறங்கியதும் மலையடிவாரத்துக்குப் போய் இடுப்புவரை இருந்த தன் முடியைக் கொடுத்துவிட்டு வந்தாள். ஆபீசில் மொட்டைத் தலையோடு மாதக்கணக்கில் உட்கார்ந்தவள் அவள்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மலைக்குப் போகலாம் என்று அவரிடம் சொன்னாள். சண்டைக்கப்புறம் வந்த முதல் பேச்சு என்பதால் அவர் எதற்கு என்று கேட்கவில்லை. சப்பாத்தை மோட்டார் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, மஞ்சள் துணியை மட்டும் கையில் எடுத்துக்கொண்டாள். படி ஏறுவதற்கு நூர்ஜான் எப்போதோ அனுமதி கொடுத்திருந்தாள். அவள் நிதானமாக ஏறினாள். தினமும் மோட்டாரில் உட்கார்ந்தபடியே மனைவிக்குக் காவல் வந்தவருக்குத்தான் பாதியில் மூச்சு வாங்கியது. கம்பியைப் பிடித்து நின்றுவிட்டார். நாற்காலி கொண்டுவந்திருக்கலாம் என்றாள் அவள். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது என்று அவருக்குத் தெரிந்தது.

அங்கேயே, படியில் வைத்தே, அவள் கேட்டாள்.

“ரூபினிக்கு முடியாதப்ப நான் யாரு முடியக் குடுத்தேன்?”

“உன் முடிய.”

“நீங்க யாரோடத குடுத்தீங்க?”

ராமதாஸ் கீழே தெரிந்த ஊரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்தச் சிரட்டை எங்கள் குவியலுடையதுதான் என்றார். அன்றைக்குக் களைப்பாக இருந்தது, நண்பர்களும் கலைந்துவிட்டார்கள், மாநகராட்சி லாரி வந்து அள்ளிக்கொள்ளும் என்று விட்டுவிட்டு வந்து, கிளீன் பண்ணியாச்சு என்று சொல்லிவிட்டேன் என்றார். அவளுக்கு அது எப்போதோ தெரியும். தெரியும் என்றாள்.

இனிமேல் தேங்காய் உடைப்பதையே விட்டுவிடுகிறேன் என்றார் அவர். அவள் அதற்கும் சம்மதிக்கவில்லை. தேங்காய் முருகனுக்கு உள்ளது, அதையும் ஏன் பறிக்கிறீர்கள் என்று மலை உச்சியைக் காட்டினாள்.

“உடைங்க. உடைச்சுட்டுப் பெருக்குங்க.”

மேலே சன்னிதியில் கூட்டம் குறைவு. ராமதாஸ் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிறவருக்கும் கேட்கிற குரலில் பேசினார். “முருகா, அவளோடத எடுத்து உனக்குக் குடுத்துட்டேன். தப்பு. அத அவகிட்டயே திருப்பிக் குடுத்துடு. என்னோடத நான் செய்யுறேன்.” பக்கத்து ஆள் திரும்பிப் பார்த்தார். ஜெகதீஸ்வரி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். பழைய முடிச்சை அவிழ்த்து ஐம்பது காசை உண்டியலில் போட்டார்கள். அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு காசை எடுத்து, அதே துணியில் தன் கையாலேயே முடிந்துகொண்டார்.

நூர்ஜான் பழைய சப்பாத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குதிகால் ஓரம் வழுக்கையாகிவிட்டது, இதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாலும் விழுவீர்கள் என்று குப்பைக்கு அனுப்பினாள். புதுசு வந்தது. முதல் ஓட்டத்தை ஓட்டம் என்று சொன்னால் ஓட்டத்துக்கே கோபம் வரும். பூங்காவில் ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. நாயைக் கூட்டிவந்த சீனப் பெரியவர் ஒருவர் அவளைத் தாண்டி நடந்து போனார். இடது கால் வலது காலை நம்பவில்லை, வலது கால் இடது காலை நம்பவில்லை. ஆனாலும் அந்த ஒரு நிமிடத்தில் யாரும் அவளிடம் எது எங்கே என்று கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து ரூபினிக்குப் போன் பண்ணி, ஓடினேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அழுதாள். பழைய சந்தோஷம் அப்படியே இருந்தது, ஒரு சொட்டும் குறையவில்லை.

ஒரு நிமிடம் ஐந்தாகி, ஐந்து பத்தாகி, மறுபடி தைப்பூசம் வந்தது. ராமதாஸ் வழக்கம்போல் வேட்டியை மடித்துக் கட்டினார், அதட்டினார், உடைத்தார். ரதம் போனதும் நண்பர்களை ஒருவரையும் கலைய விடாமல் மண்வெட்டியைக் கையில் கொடுத்தார் என்று கேள்வி. மாலையில் வீட்டுக்கு வந்தவர், ரோடு கிளீன் என்று இந்த முறை சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்தார்.

மறுநாள் விடியற்காலையில் அவள் எழுந்தபோது பக்கத்துப் படுக்கை காலி. புதுச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தாள். கதவுக்குப் பின்னால் இருக்கும் விளக்குமாறு இல்லை.

முனைவரை மட்டும் மெல்ல ஓடிப் பார்ப்பது, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது என்றுதான் இறங்கினாள். முனை வந்தது. தேங்காய் மணம் அப்படியே இருந்தது, தரை கழுவிவிட்டது போல் இருந்தது. போன வருடம் விழுந்த இடத்தில் கால் தன்னால் தயங்கியது. சிரட்டை இல்லை, சில்லு இல்லை. தாண்டிவிட்டாள். அதற்கப்பால் மற்றவர்களுடைய குவியல்கள். லாரி அள்ளியது போக மிச்சம் அங்கங்கே வெள்ளையாகச் சிதறிக் கிடந்தது. இதோடு போதும், திரும்பலாம் என்று நின்றவளின் கண்ணில் அது பட்டது. சாலையோரமாக, ஒரு ஆள் ஓடுகிற அகலத்துக்கு மட்டும், சுத்தமாகப் பெருக்கியிருந்தது. விளக்குமாற்றின் கீறல்கள் தெருவிளக்கில் தெரிந்தன. அது அடுத்த விளக்குக் கம்பத்தையும் தாண்டிப் போனது.

ஜெகதீஸ்வரி அதன் மேலேயே ஓடினாள். பக்கத்தில் பால்குடங்கள் வெறுங்காலில் மலைக்குப் போய்க்கொண்டிருந்தன. கொஞ்ச தூரம் போனதும் வழியின் நுனி தெரிந்தது. நேற்றைய வேட்டியோடு, முதுகு நனைந்து, ராமதாஸ் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தார். காலடிச் சத்தம் கேட்டுத் திரும்பினார்.

“இன்னும் முடியல. மெதுவா வா.”

அவள் நிற்கவில்லை, அவரைத் தாண்டவும் இல்லை. அவர் திரும்பிக் குனிந்து பெருக்கப் பெருக்க, பின்னாலேயே, அவருடைய வேகத்துக்குத் தன் ஓட்டத்தைக் குறைத்துக்கொண்டு, மலை இருக்கும் திசையில் ஓடினாள்.